ஆட்கள் கழிக்கப்பட்ட தீவுகள்

2021 ஒக்ரோபர் 3ஆம் திகதி, இந்து சமுத்திரத்தின் நடுவே தண்ணீர் உள்ளேற ஆரம்பித்திருந்த ஒரு மீன்பிடிப் படகைப் பிரித்தானியக் கடற்படை ஒரு தீவுக்குக் கூட்டிச் சென்றது. படகில் 89 பேர். எல்லோரும் எம்மவர்கள். தென்னிந்தியாவிலிருந்து கனடாவை நோக்கிப் புறப்பட்டவர்கள்; குழந்தைகளும் இருந்தார்கள். தீவின் பெயர் டியாகோ கார்சியா.

எம் வயதுக்காரரில் பலர் அந்தப் பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்கள். மூத்தவர்களுக்கு அது பழைய பெயர். 1971 டிசெம்பரில் இலங்கை முன்னின்று ஐ.நா. பொதுச் சபையில் இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாகப் பிரகடனம் செய்வித்த காலத்தில், பத்திரிகைகளில் அடிக்கடி அடிபட்ட பெயர் அது. அவர்களைக் கேட்டால் 'அமெரிக்கன்ரை தளம்' என்பார்கள். அங்கே ஊர் இருந்தது, கோயில் இருந்தது, சுடலை இருந்தது என்று சொன்ன ஒருவரை நாம் காணவில்லை. ஆகவே அந்த ஊரைப் பற்றி எழுதலாம் என்று நினைக்கிறோம். புவியியல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்து, ஆஹென் நகரில் உணவகமொன்றின் பின்கட்டில் நிற்கும் எமக்கு வரைபடம் பார்க்கும் பழக்கம் மட்டும் இன்னும் விட்டுப்போகவில்லை.

வரைபடத்தில் மாலைதீவின் வால்நுனியைப் பிடித்துக்கொண்டு தெற்கே 500 கிலோமீற்றர் இறங்கினால் சாகோஸ் தீவுக்கூட்டம் வரும். இலங்கையிலிருந்து ஏறத்தாழ 1,800 கிலோமீற்றர்; மொறிசியசிலிருந்து அதைவிடத் தூரம். அறுபதுக்குக் கிட்டிய சின்னஞ்சிறு தீவுகள். எல்லாம் முருகைக்கல் வளையங்கள். நடுவிலுள்ள பெரும் சாகோஸ் திட்டு, உலகத்திலுள்ள இவ்வகை வளையங்களில் மிகப் பெரியது. 12,000 சதுர கிலோமீற்றருக்கும் மேலான பரப்பு. ஆனால் அதில் தண்ணீருக்கு வெளியே தலைகாட்டுவது ஒருசில சதுர கிலோமீற்றர்தான். தீவுக்கூட்டத்தின் தரை முழுவதையும் ஒன்றாகக் கூட்டி வைத்தாலும் எமது நெடுந்தீவைவிடச் சற்றே கூடும், அவ்வளவுதான். அதில் பாதி டியாகோ கார்சியா. நீண்ட களப்பை இருபுறமும் அணைத்துப்பிடித்த, வடக்கே வாய் திறந்த ஒரு வடிவம். கடல்மட்டத்திலிருந்து ஒரு சில மீற்றர் உயரம். யாழ்ப்பாணத்தைப் போல் இரண்டு மடங்கு மழை. குடிதண்ணீரின் கணக்கு மட்டும் எமக்குப் பழகிய கணக்கே: மழைத்தண்ணீர் கல்லுக்குள் இறங்கி உப்புத்தண்ணீருக்கு மேல் ஓர் ஆடைபோல மிதக்கும், அளவறிந்து அள்ளினால் நல்ல தண்ணீர், ஆசைப்பட்டு அள்ளினால் உவர்.

மரங்களின் பெயர்களைப் பார்த்தபோது எமக்கு ஒரு திடுக்கிடல். அந்தத் தீவார் 'தக்கமக்கா' என்று அழைத்த மரம் வேறொன்றுமல்ல, புன்னை. சங்கப் பாட்டில் நெய்தல் தலைவி சாய்ந்து நிற்கும் அதே புன்னை. கடற்பறவைகள் கூடுகட்டும் இன்னொரு மரம் பிசோனியா என்கிறது தாவரவியல். எங்கள் அம்மாமார் வேலியிலிருந்து இலை பிடுங்கி வறை வறுக்கும் சண்டிதான் அது. அதன் விதையில் ஒருவகைப் பசை. பறவையின் இறகில் ஒட்டிக்கொண்டு தீவு தீவாகப் பயணம் போகும். சில வேளை கனக்க ஒட்டிவிட்டால் அந்தப் பறவை பறக்க முடியாமல் மரத்தடியிலேயே செத்துப்போகும்.

தென்னை நண்டைப் பற்றிச் சொல்லாமல் சாகோசைச் சொல்ல முடியாது. தரையில் வாழும் கணுக்காலிகளில் இதைவிடப் பெரியது உலகத்தில் இல்லை. நான்கு கிலோ வரை நிறை. காலை விரித்தால் ஒரு மீற்றருக்குக் கிட்ட. குஞ்சாய் இருக்கையில் சங்குக்குள் ஒளிந்து திரியும். வளர்ந்தபின் ஓட்டை எறிந்துவிட்டுத் தென்னையிலேறும். தேங்காயின் பொச்சை நார்நாராகக் கிழித்து, கண்ணைக் குத்தித் திறந்து தின்னும். நாம் அலவாங்கும் கத்தியுமாய்ச் செய்கிற வேலையை ஒரு சோடி இடுக்கியால் செய்துமுடிக்கும். நாற்பது வருடங்களுக்கு மேல் உயிர்வாழக்கூடியது. களப்புக் கரையில் கூடு வைக்கும் பச்சை ஆமைகளோ முட்டையிட்டு முடிந்ததும் புறப்பட்டுவிடும். முதுகில் கருவி பூட்டிய ஆமையொன்று 2012இல் ஏறத்தாழ 4,000 கிலோமீற்றர் நீந்திச் சோமாலியக் கரைக்குப் போனது. கடவுச்சீட்டு இல்லாத பயணம்.

சஞ்சிகைகளும் தொலைக்காட்சியும் இதையெல்லாம் 'மனிதக் கை படாத இயற்கை' என்று சொல்லும்போதுதான் எமக்குக் கோபம் வருகிறது. இது கைவிடப்பட்ட தோட்டம். இருநூறு வருடங்களாக மனிதக் கை பட்ட இடம்.

போர்த்துக்கேயர் வரைபடத்தில் போட்டார்கள், குடியேறவில்லை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் மொறிசியசிலிருந்து பிரெஞ்சுக்காரர் வந்தார்கள். மொசாம்பிக்கிலும் மடகஸ்காரிலும் பிடித்து விற்கப்பட்ட அடிமைகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். காட்டை வெட்டித் தென்னை வைத்தார்கள். கப்பலோடு எலியும் வந்தது. 1814இல் பாரிஸ் உடன்படிக்கையோடு மொறிசியசும் அதன் சிறு தீவுகளும் பிரித்தானியர் கைக்கு மாறின. 1830களில் அடிமைமுறை ஒழிந்தபின், மொறிசியசின் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியத் தொழிலாளர் கப்பல் கப்பலாக வந்தார்கள். கல்கத்தா, பம்பாயோடு சென்னையும் அவர்கள் ஏறிய துறைமுகம். அவர்களில் ஒரு சிறு பங்கு சாகோசுக்கும் போனது. ஆபிரிக்கரும் இந்தியரும் கலந்து, தமக்கென்று ஒரு கிரெயோல் மொழியும் தேங்காய்ப்பாற் கறியும் கொண்ட ஒரு சனம் உருவானது.

அந்நாளைய மொறிசியஸ்காரர் இவற்றை 'எண்ணெய்த் தீவுகள்' என்று அழைத்தார்கள். ஒரே பொருள், தேங்காய். முதலில் எண்ணெயாய், பிறகு கொப்பறாவாய் ஏற்றுமதி. கழுதை பூட்டிய செக்கு. ஆண்கள் நாளொன்றுக்கு ஐந்நூறு தேங்காய் உரிக்க வேண்டும். பெண்கள் உடைத்துச் சிரட்டையிலிருந்து பருப்பைப் பிரிக்க வேண்டும். நாளைய கணக்கை விடியவே தொடங்கினால் மத்தியானத்துக்குள் முடித்துவிட்டு, மீனுக்கோ தம் தோட்டத்துக்கோ போகலாம். காசு மிகக் குறைவு. கூலியின் பெரும்பங்கு அரிசியும் பருப்புமாய்ப் பங்கீட்டில் வரும். வீடு கட்டக் காணி கொம்பனி கொடுத்தது, கடை கொம்பனியுடையது, கப்பலும் அப்படியே. இதைச் சொர்க்கம் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நாம் அப்படி எழுத மாட்டோம். தோட்டம் தோட்டம்தான். ஆனால் ஐந்து தலைமுறை பிறந்து, செத்து, அங்கேயே தாண்ட தோட்டம்.

எம் கதைக்குள்ளும் ஜேர்மன் கதைக்குள்ளும் ஒருசேர வரும் கப்பல் ஒன்றும் இந்தத் தீவுக்கு வந்திருக்கிறது. 1914 செப்ரெம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தாங்கிகளைக் கொளுத்திவிட்டுப் போன எம்டன். 'அவன் பெரிய எம்டன்' என்று இன்றைக்கும் நாம் சொல்கிறோமே, அதே எம்டன்தான். (பெயர் கொடுத்த நகரம் இங்கே வடமேற்கு மூலையில், எம்ஸ் ஆறு கடலில் கலக்குமிடத்தில் இருக்கிறது.) சென்னைக்குப் பிறகு, ஒக்ரோபர் 9ஆம் திகதி அது டியாகோ கார்சியாக் களப்புக்குள் நுழைந்தது. தீவிலிருந்தவர்களுக்கு உலக யுத்தம் தொடங்கியதே தெரியாது! கப்பல் எப்போதாவதுதான் வரும், தந்தி இல்லை. பிரித்தானியக் கொடியின் கீழிருந்த தோட்ட முகாமையாளர் எதிரிக் கப்பலை உபசரித்தார். ஜேர்மன் மாலுமிகள் அவருடைய பழுதான மோட்டார் வள்ளத்தைத் திருத்திக் கொடுத்தார்கள். அவர் பன்றியும் மீனும் கொடுத்தனுப்பினார். நிலக்கரி ஏற்றி, அடிப்பக்கம் சுரண்டித் துப்பரவாக்கிக்கொண்டு எம்டன் அடுத்த நாள் போய்விட்டது. ஒரு மாதத்தில், நவம்பர் 9இல், கொக்கோஸ் தீவருகே அவுஸ்திரேலியக் கப்பலிடம் அடிபட்டு ஒதுங்கியது. உலகத்திலிருந்து அவ்வளவு தொலைவில் கிடந்தது அந்த ஊர். அந்தத் தொலைவுதான் பின்னாளில் அதற்கு எமனாக வந்தது.

ஆஹெனுக்குத் தென்மேற்கே, இன்று பெல்ஜியத்துக்குள் இருக்கும் கெல்மிஸ் என்ற இடத்துக்கு ஒரு வினோதமான சரித்திரம் உண்டு. நெப்போலியன் விழுந்தபின், 1816இல் இதே ஆஹெனில் எழுதப்பட்ட எல்லை உடன்படிக்கையில் பிரஷ்யாவும் நெதர்லாந்தும் அங்கிருந்த துத்தநாகச் சுரங்கத்துக்காக இழுபட்டு, கடைசியில் அந்தத் துண்டை எவருக்கும் சொந்தமில்லாத நடுநிலப் பகுதியாக விட்டார்கள். மொரெஸ்நெற் என்ற பெயரில் நூறு வருடத்துக்கு மேல், 1920 வரை, அது அப்படியே இருந்தது. ஒரு சுரங்கத்துக்காக ஒரு நாட்டையே கத்தரிக்கோலால் வெட்டியெடுக்கலாம் என்பதற்கு அது சாட்சி. ஆனால் அங்கே சுரங்கம் ஆட்களைக் கூட்டியது. சில நூறு பேர் சில ஆயிரமானார்கள். சாகோசில் அதே கத்தரிக்கோல் எதிர்மாறாக வேலை செய்தது.

1965 நவம்பர் 8இல் பிரித்தானியா சாகோசை மொறிசியசிலிருந்து வெட்டி 'பிரித்தானிய இந்து சமுத்திர ஆள்புலம்' என்று ஒரு புதிய குடியேற்றத்தைப் படைத்தது. ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் குடியேற்றங்கள் விடுதலையாகிக் கொண்டிருந்த காலத்தில் ஒரு புதுக் குடியேற்றம்! மொறிசியசுக்கு 30 இலட்சம் பவுண் கொடுக்கப்பட்டது, 1968இல் சுதந்திரம். 1966 டிசெம்பர் 30இல் அமெரிக்காவுக்குத் தளத்துக்கான இடம் 50 வருடங்களுக்கு ஒப்புக்கொடுக்கப்பட்டது. பின்னர் அது 2036 வரை நீடிக்கப்பட்டது. வாடகை கிடையாது. ஆனால் பொலாரிஸ் ஏவுகணைக் கணக்கில் 1 கோடியே 40 இலட்சம் டொலர் இரகசியமாகக் கழித்து விடப்பட்டது.

ஆட்களை என்ன செய்வது? ஐ.நா. சாசனத்தின்படி, நிரந்தரக் குடிகள் உள்ள குடியேற்றம் என்றால் அவர்களைப் பற்றி அறிக்கை கொடுக்க வேண்டும். ஆகவே நிரந்தரக் குடிகள் இல்லை என்று ஆக்கவேண்டியதாயிற்று. அங்கிருப்பவர்கள் மொறிசியசிலிருந்தும் சீசெல்சிலிருந்தும் வேலைக்கு வந்துபோகும் ஒப்பந்தத் தொழிலாளர் என்று எழுதுவது என்று லண்டன் அதிகாரிகள் தமக்குள் தீர்மானித்தார்கள். தீவுவாசிகளை டார்சன்கள் என்று கேலி செய்யும் 1966ஆம் ஆண்டுக் குறிப்பொன்றும் பின்னர் வெளிவந்தது.

'ஒப்பந்தத் தொழிலாளர்' என்ற சொல்லை வாசித்தவுடன் எமக்கு மலையகம் நினைவுக்கு வராமல் போகுமா? அங்கேயும் தோட்டம், அங்கேயும் லயமும் கடையும் கொம்பனியுடையது, அங்கேயும் தலைமுறைகளாய் உழைத்தவர்களின் பெயரில் ஓரடி நிலமில்லை. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் ஒரு சொல்லால் அவர்களை வந்தேறிகளாக்கியது. 1964 ஒக்ரோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று பங்குபிரித்தார்கள். சாகோஸ் வெட்டப்பட்டது அதற்கு ஏறத்தாழ ஒரு வருடம் கழித்து. தோட்டப் பொருளாதாரத்தின் தன்மையே இதுதான் என்று எமக்குப் படுகிறது: உழைப்பவன் நிலத்தில் வேர்விட்டாலும் காகிதத்தில் வேர்விட மாட்டான். காகிதத்தைக் கையில் வைத்திருப்பவன் ஒரு நாள் அவனைக் கழித்துவிடலாம்.

கழித்த விதம் இது. 1967இல் தோட்டங்களைப் பிரித்தானிய அரசு 6,60,000 பவுணுக்கு வாங்கியது. வைத்தியத்துக்கோ உறவினரைப் பார்க்கவோ மொறிசியசுக்குப் போனவர்கள் திரும்பிவரக் கப்பலில் ஏற்றப்படவில்லை. வண்டிச் சில்லு ஏறிக் காயம்பட்ட மகளைக் காட்ட 1968இல் பெரோஸ் பான்யோஸ் தீவிலிருந்து போன ரீட்டா பான்கூல் என்ற தாய், திரும்பிப் போகக் கேட்டபோது, உன் தீவு விற்றாயிற்று என்று சொன்னார்கள். மகள் இறந்துபோனாள். தீவில் மிஞ்சியவர்களுக்கு அரிசியும் மருந்தும் வருவது குறைந்துகொண்டே போனது. 1971இல் டியாகோ கார்சியா வெறுமையாக்கப்பட்டது. போகுமுன் நாய்களைக் கொல்லச் சொன்னார்கள். சுட்டுப் பார்த்தார்கள், நஞ்சு வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் கொப்பறா காயவைக்கும் கொட்டிலுக்குள் அடைத்து வாகனப் புகையைப் பாய்ச்சிக் கொன்றார்கள். ஏறத்தாழ ஆயிரம் நாய்கள். பார்த்துக்கொண்டு நின்ற பிள்ளைகள் அடுத்தது தாங்கள் என்று பயந்தார்கள். 1973 மேக்குள் கடைசித் தீவும் முடிந்தது. 1,500க்கும் 2,000க்கும் இடைப்பட்ட சனம் மொறிசியசிலும் சீசெல்சிலும் இறக்கிவிடப்பட்டது. போர்ட் லூயிஸ் சேரிகளில் தென்னை உரிக்கும் கையை வைத்துக்கொண்டு என்ன வேலை தேடுவது? துக்கத்தால் சாவதற்கு அவர்கள் மொழியில் 'சக்ரேன்' என்று ஒரு சொல் இருக்கிறது. ஆஹெனில் நாம் அறிந்த சிலருடைய மரணத்துக்கும் டொக்டர் எழுதிய காரணத்தைவிட அது பொருந்தும்.

போராட்டத்தை நடத்தியவர்கள் பெரும்பாலும் பெண்கள். உண்ணாவிரதம் இருந்தார்கள், பொலிசிடம் அடிவாங்கினார்கள், சிறை போனார்கள். 1982இல் 40 இலட்சம் பவுண் கிடைத்தது. அதை வாங்க, எழுத வாசிக்கத் தெரியாதவர்கள் ஆங்கிலத் தாளொன்றில் பெருவிரல் பதித்தார்கள். திரும்பிப் போகும் உரிமையை விட்டுக்கொடுக்கும் தாள் அது என்று பின்னர்தான் தெரிந்தது. புரியாத மொழித் தாள்களில் கையொப்பம் வைத்த எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. ரீட்டாவின் மகன் ஒலிவியே பான்கூல் 2000ஆம் ஆண்டில் லண்டன் நீதிமன்றத்தில் வென்றார். 2004இல் அரசியின் பெயரால் ஒரு கட்டளை அந்த வெற்றியைப் பறித்தது. 2008இல் பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டு என்று பறித்ததைச் சரியென்றது.

இங்கேதான் நண்டும் ஆமையும் மீண்டும் வருகின்றன. 2010 ஏப்ரல் 1இல் சாகோஸ் கடல் பாதுகாக்கப்பட்ட வலயமாக்கப்பட்டது. 6,40,000 சதுர கிலோமீற்றர். இலங்கையைப் போல் கிட்டத்தட்டப் பத்து மடங்கு கடல். மீன்பிடி தடை. டியாகோ கார்சியாவைச் சுற்றிய மூன்று கடல்மைல் மட்டும் விலக்கு. தளத்திலிருப்பவர்கள் பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடலாம். இந்த வலயம் வந்தால் பழைய குடிகள் திரும்பிவரும் கோரிக்கை செத்துவிடும் என்று பிரித்தானிய அதிகாரியொருவர் அமெரிக்கரிடம் சொன்னது விக்கிலீக்ஸ் வழியாக வெளிவந்தது. 2015இல் நடுவர் மன்றம் அந்த வலயத்தை அமைத்த முறை சர்வதேசக் கடற்சட்டத்துக்கு மாறானது என்றது.

நாம் கடலுக்கு எதிரிகளல்ல. சுறாவுக்காக அங்கே களவாக நுழைந்து பிடிபட்ட நெடுநாட் படகுகளில் இலங்கைப் படகுகளே கனக்க, காவல் வேண்டும்தான். ஆனால் விஞ்ஞானம் சொல்வதையும் முழுவதாகச் சொல்ல வேண்டும். 2018இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு, எலியுள்ள தீவுகளையும் எலியில்லாத் தீவுகளையும் ஒப்பிட்டது. எலியில்லாத இடத்தில் கடற்பறவை 760 மடங்கு அதிகம். பறவை எச்சம் மழையோடு கடலுக்குப் போய் முருகைக்கல்லை வளர்க்கிறது. அங்கே மீனின் மொத்த நிறையும் ஏறத்தாழப் பாதியளவு கூட. சனத்தை அகற்றியதால் பறவை பெருகவில்லை. ஆளில்லாத தோட்டங்களில் தென்னை காடாய் மூடிக்கிடக்க, எலி இராச்சியம் நடத்துகிறது. அதை ஒழிக்கக் கையும் கத்தியும் வேண்டும், தென்னந்தோப்பை அறிந்த ஆட்கள் வேண்டும். 1998இலும் 2015-16இலும் கடல் சூடேறி முருகைக்கல் வெளுத்துச் செத்தபோது எந்தக் காவற்கப்பலாலும் அதைத் தடுக்க முடியவில்லை. செக்கிழுத்த கழுதைகளின் வாரிசுகள் டியாகோ கார்சியாவில் கட்டாக்காலியாய்த் திரிகின்றன, நெடுந்தீவுக் குதிரைகளைப் போல.

இப்படி ஆட்களையும் அவர்களோடு சட்டத்தையும் கழித்துவிட்ட வெற்றிடத்துக்குள்தான் எம்மவர்களின் படகு போய் விழுந்தது. அகதிகள் சாசனம் இந்த ஆள்புலத்துக்குப் பொருந்தாது என்றது பிரித்தானியா. குடிகளே இல்லாத நாட்டில் யாருக்காக அகதிச் சட்டம்? 'தண்டர் கோவ்' என்ற வேலியடைத்த முகாமில் கூடாரங்கள். எலிகள் கூடாரத்துக்குள் கூடு வைத்தன. 2022இல் வேறு படகுகளும் வந்தன. உண்ணாவிரதம், தற்கொலை முயற்சிகள். வைத்தியத்துக்கென்று சிலரை ருவாண்டாவுக்கு அனுப்பினார்கள். குழந்தைகள் அந்த வேலிக்குள் மூன்று வருடம் வளர்ந்தார்கள். 2024 செப்ரெம்பரில் நீதிபதி மார்கரெட் ஓபி தீவுக்கே போய் விசாரித்தார். அந்த டிசெம்பரில், அவர்கள் சட்டவிரோதமாகத் தடுத்து வைக்கப்பட்டிருந்தார்கள், பெயரில்லாத சிறை அது என்று தீர்ப்பளித்தார். தீர்ப்புக்குச் சில நாட்கள் முன்னரே பெரும்பாலானோர் பிரித்தானியாவுக்குக் கொண்டுவரப்பட்டு விட்டார்கள். தென்னை நண்டைக் கொன்றால் தண்டிக்கும் சட்டம் அந்தத் தீவில் இருக்கிறது. எம்மவருக்கென்று ஒரு சட்டத்தைத் தேடிப்பிடிக்க மூன்று வருடம் பிடித்தது.

2019 பெப்ரவரியில் சர்வதேச நீதிமன்றம் சாகோசைப் பிரித்தது சட்டப்படியானதல்ல என்று கருத்துரைத்தது. மே மாதம் ஐ.நா. பொதுச் சபையில் 116 நாடுகள் அதற்குச் சார்பாகவும் 6 நாடுகள் எதிராகவும் கையுயர்த்தின. 2022 பெப்ரவரியில் சாகோசியர் சிலர் பிரித்தானியக் காவலில்லாமல் பெரோஸ் பான்யோசில் இறங்கி, இடிந்த தேவாலயத்துக்குள் முளைத்திருந்த பற்றையை வெட்டினார்கள். அதை வாசித்தபோது எமக்கு இரணைதீவு நினைவு வந்தது. 1992இல் இடம்பெயர்ந்து, 2018 ஏப்ரலில் யாருடைய உத்தரவையும் பார்த்திராமல் வள்ளங்களில் ஏறிப்போய்த் தம் கரையில் இறங்கிய சனம் அது.

2025 மே 22இல் பிரித்தானியாவும் மொறிசியசும் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. இறைமை மொறிசியசுக்கு, டியாகோ கார்சியா 99 வருடக் குத்தகையில் தளத்துக்கு. பேச்சுவார்த்தை மேசையில் சாகோசியருக்கு ஆசனம் இருக்கவில்லை. அவர்களில் பெருந்தொகையானோர் இப்போது கற்விக் விமான நிலையத்தை அண்டிய க்ரோலி நகரில் வாழ்கிறார்கள்; அதே விமான நிலையத்தில் துப்பரவு வேலை செய்கிறவர்களும் உண்டு. உடன்படிக்கையின்படி மொறிசியஸ் மற்றத் தீவுகளில் ஆட்களைக் குடியேற்றலாம். டியாகோ கார்சியாவில் முடியாது. டியாகோ கார்சியாவில் பிறந்தவர்கள் வேண்டுமானால் இருநூறு கிலோமீற்றர் தள்ளிப் பெரோஸ் பான்யோசுக்குப் போகலாம். மயிலிட்டிக்காரனைக் கூப்பிட்டு, உனக்கும் கடல்தானே வேண்டும், முல்லைத்தீவில் காணி தருகிறோம் என்று சொன்னது மாதிரி.